பதினோராவது இன்னிங்ஸ்

அன்புள்ள மகளுக்கு,

நவம்பர் 1ஆம் திகதி இரவு பேஸ்போல் உலகத் தொடரின், அதுதான் சம்பியனைத் தீர்மானிக்கும் தொடரின், கடைசி ஆட்டம் முடிந்ததும் உனக்கு எடுத்தேன், நீ எடுக்கவில்லை. அடுத்த நாளும் "பிறகு கதைக்கிறேன் அம்மா" என்று வைத்துவிட்டாய். கல்கரியில் தனி அறையில் இருந்து அதைப் பார்த்திருப்பாய் என்று நினைக்க எனக்கு மனம் கேட்கவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 என்று நாங்கள், எங்கள் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ், முன்னுக்கு நின்றோம். இன்னும் இரண்டே இரண்டு அவுட் எடுத்தால் வெற்றி. அதற்குள் ரோஹாஸ் அடித்துச் சமன் செய்தார், பதினோராவதில் வில் ஸ்மித் அடித்தார், 5-4 என்று டோட்ஜர்ஸ் கொண்டுபோய்விட்டார்கள். நீ பிறந்ததிலிருந்து புளூ ஜேய்ஸ் சம்பியனானதைப் பார்த்ததில்லை. அதனால்தான் நாங்கள் முதல் தடவை வென்ற 1992ஐப் பற்றி ஒழுங்காக எழுத நினைத்தேன்.

அப்பா உனக்கு எப்போதும் 1993ஐத்தான் சொல்லுவார். ஜோ கார்ட்டர் கடைசிப் பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டுத் துள்ளித் துள்ளி ஓடியதை ரொறன்ரோவில் எல்லோரும் சொல்லுவார்கள். எனக்கு 92தான் பெரிது.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில் ஒரு அபார்ட்மென்ரில், சித்தி குடும்பத்தோடு சேர்ந்து இருந்தோம். கீழ்வீட்டில் இருந்த முதியவர் தன்னுடைய பழைய ரீவியை எங்களுக்குத் தந்தார். ஆட்டத்தை விளங்கப்படுத்தியவரும் அவர்தான். எனக்கு விளங்கப் பெரிதாகக் கஷ்டப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லே விளையாடியவர்கள்தானே. மூங்கில் தடியால் அடித்துவிட்டுச் சுற்றி ஓடி வருவதுதான், இங்கே கையுறையும் கணக்கும் கூட.

புளூ ஜேய்ஸுக்கு அப்போது நல்ல பெயர் இல்லை. 1985இல் லீக் இறுதியில் கன்சாஸ் சிற்றியை 3-1 ஆட்டங்கள் என்று முந்திக்கொண்டு போய்க் கடைசி மூன்றையும் தோற்றார்கள். 1987இல் பருவத்தின் கடைசி ஏழு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று, கைக்கு வந்த முதலிடத்தை டெட்ரோயிற்றிடம் விட்டார்கள். 89இலும் 91இலும் லீக் இறுதியோடு சரி. முக்கியமான நேரத்தில் கைவிட்டுவிடுவார்கள் என்றுதான் வேலையிடத்தில் எல்லோரும் சொல்லுவார்கள். முகாமையாளர் சிற்றோ காஸ்டன் அதற்கெல்லாம் பதில் சொல்லி நான் கண்டதில்லை. சத்தம் போடாத மனிதர். ஆட்களை நம்பி விட்டுவிடுவார். "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று அதற்கும் பேச்சு வாங்கினார். உலகத் தொடரை வென்ற முதல் கறுப்பின முகாமையாளர் அவர்தான்.

அந்த வருடம் டேவ் வின்ஃபீல்ட் வந்து சேர்ந்தார். வயது 40. 1981 உலகத் தொடரில் யாங்கீஸுக்காக 22 தடவை மட்டை பிடித்து ஒரே ஒரு ஹிட் அடித்தவர். பிறகு அந்த அணியின் முதலாளியே அவரைப் பகிரங்கமாக நக்கலடித்தார், மே மாதத்தில் அடிப்பார், ஒக்ரோபரில் அடிக்கமாட்டார் என்று. வருடக்கணக்காக அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு இங்கே வந்தவர் அந்தப் பருவத்தில் 108 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்தார். அரங்கத்தில் சனம் அமைதியாக இருக்கிறது, இன்னும் சத்தம் போடுங்கள் என்று கேட்டதும் அவர்தான்.

அற்லான்ராவோடு உலகத் தொடர். இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் கனடாக் கொடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தவறுதலாக நடந்ததுதான். ஆனால் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இந்த நாட்டுக் குடியுரிமைகூட அப்போது எங்களுக்கு இல்லை. என் கோபத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது, மகள். அன்றைக்கு ஒன்பதாவது இன்னிங்ஸில் எட் ஸ்ப்ரேக் மாற்று ஆளாக வந்து பந்தை வேலிக்கு அப்பால் ஒரு ஹோம் ரன் அடித்தார், 5-4 என்று வென்றோம். சித்தி குசினியில் இருந்து கரண்டியோடு ஓடி வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆறாவது ஆட்டம் ஒக்ரோபர் 24, சனிக்கிழமை இரவு, அற்லான்ராவில். இதை வென்றால் நாங்கள் சம்பியன். இதைத்தான் உனக்கு எழுத வந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-1 என்று நாங்கள் முன்னுக்கு. இரண்டு அவுட், அற்லான்ராவின் ஓட்டிஸ் நிக்சனுக்கு இரண்டு ஸ்ட்ரைக், மூன்றாவது விழுந்தால் அவரும் அவுட். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் போதும். நிக்சன் பந்தை இடது பக்கம் தட்டிவிட்டார், 2-2. நீ நவம்பரில் இருந்த மாதிரித்தான் நாங்களும் இருந்தோம். அப்பா எழும்பிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "நான் சொன்னேனே, இவங்கள் இப்படித்தான்" என்றார் சித்தப்பா.

பதினோராவதில் இரண்டு பேர் பேஸில், இரண்டு அவுட். வின்ஃபீல்ட் வந்து நின்றார். அன்றுவரை உலகத் தொடரில் ஒரே அடியில் இரண்டாம் பேஸ் வரைக்கும் ஓடிப்போகிற இரட்டை பேஸ் அடிகூட அவருக்கு இல்லை. மூன்று தவறான வீச்சு, இரண்டு ஸ்ட்ரைக் வரைக்கும் போனது. மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டினபடி பந்து மூலைக்குப் போக, இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். 41 வயது மனிதர் இரண்டாம் பேஸில் நின்றார். நடுச்சாமம் தாண்டிவிட்டது. எங்களுக்குச் சத்தம் போடவும் பயம், பக்கத்து வீட்டுக்காரர் நித்திரை என்று. பிறகு பார்த்தால் அந்தக் கட்டடம் முழுக்க விழித்திருக்கிறது.

அத்தோடு முடியவில்லை. அற்லான்ரா ஒரு ஓட்டம் எடுத்து 4-3, மூன்றாம் பேஸில் ஒருவர், மறுபடியும் அதே நிக்சன். பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடப் பார்த்தார். மைக் ரிம்லின் பந்தைப் பொறுக்கி முதலாம் பேஸில் நின்ற கார்ட்டருக்குப் போட்டார். அவுட். அப்பா சொல்லும் அதே கார்ட்டர்தான், கடைசிப் பந்தைப் பிடித்துக்கொண்டு துள்ளினார்.

அடுத்த வருடம் வின்ஃபீல்ட் மினசோட்டாவுக்குப் போய்விட்டார். எனக்குக் கவலைதான். ஒரே ஒரு பருவம் இருந்தவரை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

பருவம் மார்ச் கடைசியில் தொடங்கும். ஜூலையில் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு வா, மூன்று பேரும் பகல் ஆட்டம் ஒன்றுக்குப் போவோம். மேல் தட்டில் இருந்தால் போதும், அங்கேதான் காற்று நல்லாக வரும். எந்தக் கிழமை என்று சொல்லு, விலை ஏறமுதல் அப்பா ரிக்கெற் எடுத்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா