கூட்ஸ் ஷெட்டுக்குச் சாலை, விளக்கு, கூரை கோரி மனு

அனுப்புநர்:
கூட்ஸ் ஷெட் சுமைதூக்கும் தொழிலாளர்கள், லாரி உரிமையாளர்கள்,
பெங்களூரு.

பெறுநர்:
உயர்திரு சரக்குப் பிரிவு வணிக மேலாளர் அவர்கள்,
ரயில்வே கோட்ட அலுவலகம், பெங்களூரு.

ஐயா,

வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்து, இரண்டு தலைமுறையாக இந்த ஷெட்டில் மூட்டை இறக்கிப் பிழைப்பவர்கள் நாங்கள். லாரி வைத்திருப்பவர்களும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் படித்துப் பார்த்துப் போட வேண்டும் என்பதால் தமிழில் எழுதியிருக்கிறோம். கன்னட, ஆங்கில நகல்கள் உடன் உள்ளன.

58 வேகன் கொண்ட முழுச் சரக்கு ரயில், அதாவது ரேக் ஒன்று வந்து நின்றால், வேகனுக்குச் சுமார் 70 டன் வீதம், 50 கிலோ சிமெண்ட் மூட்டை 80,000-க்கு மேல். அத்தனையும் தலைச்சுமைதான். வேகனை நிறுத்திக் கொடுத்ததுமே, கட்டணமில்லாமல் இறக்கத் தரும் இலவச நேரம் ஓட ஆரம்பித்துவிடும். அது தாண்டினால் வேகனைக் காக்க வைத்ததற்குத் தண்டம், டெமரேஜ். இறக்கிய சரக்கு ஷெட்டிலேயே கிடந்தால் அதற்கொரு தண்டம், வார்ஃபேஜ். விதி அப்படி, அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் ரேக் காலை 8 மணிக்கு வந்தால்? நெரிசல் நேரத்தில் கனரக லாரிகளுக்கு நகருக்குள் தடை. கடிகாரம் ஓடுகிறது, லாரி ஓடவில்லை.

தடை முடிந்து வந்தாலும் ஷெட் சாலை ஒரு லாரி அகலம்தான். போன ஐப்பசி மழையில் லோடு வண்டி ஒன்று பள்ளத்தில் அச்சு முறிந்து நின்றதில், பின்னால் 11 லாரிகள் விடியும்வரை காத்துக் கிடந்தன. அன்றிரவு பிளாட்பாரத்தில் எரிந்த விளக்கு இரண்டே. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இறக்கினோம். கூரையில்லாத பக்கம் அடுக்கிய மூட்டைகள், தார்ப்பாய் போட்டும், காலையில் கல்லாகிக் கிடந்தன.

வியாபாரி ஒருவர் எங்களிடமே சொன்னார்: "ரயில் வாடகை குறைச்சல்தான். தண்டத்தையும் நனைஞ்ச மூட்டையையும் சேர்த்தா லாரியே தேவலை." அவர் சரக்கு இப்போது நெடுஞ்சாலையில் வருகிறது. ரேக் குறைந்தால் எங்களுக்குக் கூலி இல்லை. பெரிய கம்பெனிகளுக்குச் சரக்கு இறக்கச் சொந்த ரயில் தடம், அதாவது சைடிங் உண்டு. அவரைப் போன்றவர்களுக்குப் பொது ஷெட்டை விட்டால் வேறு இடமில்லை. சரக்குப் போக்குவரத்தில் ரயிலின் பங்கு 2030-க்குள் 45 சதவீதமாக வேண்டும் என்கிறது தேசிய ரயில் திட்டம். சரி, அந்தச் சரக்கும் இந்த ஒற்றைச் சாலை வழியாகத்தானே வெளியே போயாக வேண்டும்?

ஆகவே, இரண்டு லாரிகள் ஒதுங்கிப் போகும் அகலத்துக்குக் கான்கிரீட் சாலை போட்டுத் தர வேண்டுகிறோம். இது யார் எல்லை என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பிளாட்பாரம் முழுக்க விளக்கும் கூரையும் வேண்டும். தரை சமமானால் தள்ளுவண்டியாவது உருளும். லாரித் தடை நேரத்தை இலவச நேரக் கணக்கிலிருந்து கழிக்க முடியுமா என்றும் பரிசீலிக்க வேண்டும். டெமரேஜ் தள்ளுபடி கேட்டு எழுதலாம்தான். அதற்காக அலையச் சிறு வியாபாரிக்கு நேரம் ஏது? அப்புறம், குடிதண்ணீர், கழிப்பறை. இவை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் நிதி ஒதுக்க முடியாதென்றால், சாலையும் விளக்கும் அடுத்த ஐப்பசிக்குள் வரட்டும், கூரைக்குக் காத்திருக்கிறோம்.

தாங்கள் பார்வையிட வரும்போது, ரேக் நிற்கும் இரவாகப் பார்த்து வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
தொழிலாளர்கள், லாரி உரிமையாளர்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில்)