தம்பிக்கு, அப்பாயியின் படத்தோடு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கதையை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ஒன்று மனசில் நெருடிக்கொண்டே இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் விட்டால் நான் என்ன அக்கா?

கதை நடக்கிற ஊர் தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம். ஆலமரம், ஏரிக்கரை, வைக்கோல் போர், வெள்ளந்தியாகச் சிரிக்கிற சனங்கள். அந்த ஊரை நீ பார்த்ததில்லை, நான் பார்த்ததில்லை, அப்பாவே பார்த்ததில்லை. நமக்கு அது படித்துத் தெரிந்த ஊர். உன் ஆலமரத்தை நான் வேறு பத்துக் கதைகளில் பார்த்திருக்கிறேன்.

கி.ரா.வை நீ உயிராகப் படிக்கிறவன். 1976-இல் வந்த 'கோபல்ல கிராமம்' யாருடைய கதை? தெலுங்கு தேசத்திலிருந்து பயந்து ஓடிவந்த குடும்பங்கள் கரிசல் காட்டைத் திருத்தி ஊர் உண்டாக்கிய கதை. கிராமம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற அந்த ஊரே வந்தேறிகள் கட்டியதுதான். அப்படியிருக்க, இங்கே மலேசியாவில் நம் நிபோங் திபால் ரப்பர்த் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள் மட்டும் உனக்கு ஏன் கிராமமாகத் தெரியவில்லை? விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு, ஆயாக் கொட்டகையில் அழுகிற பிள்ளைகள், மாரியம்மன் திருவிழா, சம்பள நாள் சண்டை, எல்லாம் நடந்த ஊர் அது.

இத்தோடு ஒரு படம் அனுப்புகிறேன். அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தது. 1948-இல் அவசரகாலம் அறிவித்த பிறகு, மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் படமும் பெருவிரல் ரேகையும் கொடுத்து அடையாள அட்டை எடுக்கவேண்டும் என்றார்கள் அல்லவா, அப்போது எடுத்தது. அப்பாயிக்கு ஆயுசில் அதுதான் முதல் படம்.

பெரிதாக்கிப் பார். தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்லியிருப்பார்கள், நெற்றியில் அது அழுந்திய தடம் இருக்கிறது. ரவிக்கைத் தோளில் ரப்பர்ப் பால் காய்ந்த கறை. காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி. தோடு ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குப் போனதாம், அப்பா சொல்வார். முகத்தில் சிரிப்பு இல்லை. அழுகையும் இல்லை. யாருக்காகவும் எதையும் செய்துகாட்டாத முகம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை தம்பி.

இன்னொரு படமும் பெட்டியில் இருந்தது. அப்பாயியின் தம்பி பினாங்கில் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்து, ஊருக்கு ஒரு பிரதி அனுப்பினாராம். பின்னால் வரைந்த தூண்கள், இரவல் கோட்டு, இரவல் கடிகாரம். அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. கைகளைப் பார்: பத்து விரலையும் உள்ளே மடக்கி வைத்திருக்கிறார். மரம் சீவுகிற உளி பிடித்துக் காய்த்துப்போன கையை ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. அந்த மடக்கின விரல்களை எழுதேன். துறையூரும் அதற்குள் தானாக வந்துவிடும்.

தாத்தாவுக்குப் படமே கிடையாது. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் 1943-இல் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அட்டைக்குப் படம் எடுக்க ஆள் வந்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து.

நீ கைப்பிள்ளையாக இருந்தபோது அப்பாயி உன் மோவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்புவார். அப்புறம் இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். என்னையோ மற்றப் பிள்ளைகளையோ அப்படிப் பார்த்ததில்லை. "என்ன பார்க்கிறீங்க அப்பாயி?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணுமில்லை, மூக்கைப் பார்த்தேன்" என்றார்.

அன்புடன்,
அக்கா
பட்டர்வொர்த், பினாங்கு