ஆய்வுத் தலைப்புத் தேடும் மகளுக்கு

மதுரை

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பியிருந்த நான்கு ஆய்வுச் சுருக்கங்களையும் நிதானமாகப் படித்து முடித்தேன். டி.என்.ஏ. சான்றின் நிகழ்தகவு, ஈப்புழுவின் வளர்ச்சியைக் கொண்டு இறந்த நேரத்தைக் கணிப்பது, முதுமையில் வரும் மறதி நோய்க்கான காரணிகள், நெல்வயல் கொசுவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் என்று ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு துறைகளை நெறியாளர் உன் முன்னால் வைத்துவிட்டதாகவும், கணிதம் படித்த நீ இவற்றுள் எதற்கும் உரியவளில்லை என்று தோன்றுவதாகவும் எழுதியிருந்தாய். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவளாகிய எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கிலும் சமன்பாடு உனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தச் சமன்பாடு எந்த எடுகோளை நம்பி நிற்கிறதோ, அதை நீயே நேரில் போய்ச் சரிபார்க்க முடிகிற துறை எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டி.என்.ஏ. சான்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் அடிப்படைக் கணக்கை எழுதியவர் உன் துறைக்காரர். ராமானுஜனை 1914-இல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டி, அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ‘சயின்ஸ்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். ஓங்கு பண்பு ஒன்று தலைமுறைக்குத் தலைமுறை பெருகிக்கொண்டே போய்விடாதா என்ற ஐயம் அப்போது உயிரியலாளர்களிடையே இருந்தது; ஹார்டியோடு கிரிக்கெட் ஆடும் பழக்கமுள்ள மரபியலாளர் பன்னெட் அந்தக் கேள்வியை அவரிடம் கொண்டுபோக, அப்படிப் பெருகாது என்று அவர் சில வரி இயற்கணிதத்தில் காட்டிவிட்டார். அதே ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க்கும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்ததால் இருவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. தன் கணிதம் நடைமுறைக்கு உதவாதது என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்பட்ட மனிதரின் வாய்பாடு, இன்று ஊர் ஊராகக் குற்றவியல் நீதிமன்றங்களில் பேசப்படுகிறது!

அது எப்படி வேலை செய்கிறது என்று பார். மரபிழையின் ஓரிடத்தில் ஒருவருக்கு இருக்கும் இரண்டு அல்லீல்கள், அதாவது அந்த இடத்தின் மாற்று வடிவங்கள், மக்களிடையே 0.1, 0.2 என்ற அளவில் காணப்படுவதாக வைத்துக்கொள். அந்த இணை ஒருவருக்கு அமையும் வாய்ப்பு 2 × 0.1 × 0.2, அதாவது 25-இல் ஒன்று. இப்படிப் பத்து இடங்களைப் பார்த்து, ஒன்று மற்றொன்றைச் சாராதது என்று கொண்டு பெருக்கினால் ஏறத்தாழ 95 லட்சம் கோடியில் ஒன்று என்று வரும். உலக மக்கள்தொகையே 800 கோடியை ஒட்டித்தான் இருக்கிறது என்பதால், இந்த எண்ணைக் கேட்டதும் நீதிமன்றம் வாயடைத்துப் போவதில் வியப்பில்லை.

ஆனால் மக்கள் குலுக்கல் முறையில் மணந்துகொள்கிறார்கள் என்பதுதான் ஹார்டியின் எடுகோள். அத்தை மகனையும் மாமன் மகளையும் முடித்துவைப்பதும், தாய்மாமனுக்கே அக்காள் மகளைக் கொடுப்பதும் நம் பக்கத்தில் எவ்வளவு சகஜம் என்பதற்கு நம் வீட்டுக் கல்யாண ஆல்பமே போதும். 0.1 அளவில் உள்ள ஓர் அல்லீல் ஒருவருக்கு இரட்டையாக அமையும் வாய்ப்பு, வாய்பாட்டின்படி 100-இல் ஒன்று. தாய்மாமனை மணந்தவளின் பிள்ளைக்கு, பெற்றோரின் உறவு நெருக்கத்தைக் காட்டும் உள்ளினப்பெருக்கக் கெழு எட்டில் ஒன்று என்று கொண்டு போட்டுப் பார்த்தால், அது 47-இல் ஒன்றாகிவிடுகிறது. உடன்பிறந்தவர்கள் விஷயம் இதைவிடத் தீவிரமானது. குற்றம் செய்தவன் பிடிபட்டவனின் அண்ணனாகவோ தம்பியாகவோ இருக்கக்கூடும் என்றால், மேலே சொன்ன 25-இல் ஒன்று என்பது ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிறது. பத்து இடங்களுக்கும் பெருக்கினால் 95 லட்சம் கோடி வெறும் 56 ஆயிரமாகச் சுருங்கிவிடுகிறது. நான் கையால் போட்ட கணக்கு, நீ ஒருமுறை சரிபார்த்துக்கொள். உறவுத் திருமணத்துக்கும் சமூகப் பிரிவுக்கும் ஏற்பத் திருத்தம் செய்யும் முறைகளை 1990-களிலேயே வகுத்துவிட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் திருத்தத்துக்குள் இடவேண்டிய எண்ணைச் சமூகம் சமூகமாக மாதிரி எடுத்துத்தான் பெற வேண்டும். அனுமதியும் ஒப்புதலும் ஆய்வகமும் வேண்டிய அந்த வேலையை ஒரு மாணவியால் தனியாகச் செய்ய இயலாது. வேறொருவர் சேகரித்துத் தந்த அட்டவணையை நம்பித்தான் நீ ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984-இல் கண்டுபிடித்த முறை முதன்முதலில் ஒரு கொலை வழக்கில் பயன்பட்டபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன் நிரபராதி என்றுதான் அது முதலில் காட்டியது. பிறகு சுற்றுவட்டாரத்தில் சுமார் 5,000 ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள், ஒருவருடையதும் பொருந்தவில்லை. உண்மையான கொலையாளி, தன்னோடு வேலை செய்தவனைத் தன் பெயரில் ரத்தம் கொடுக்க வைத்திருந்தான். ரத்தம் கொடுத்த அந்த ஆள் மதுக்கடையில் வாய்விட்டுப் பேசியது காதில் விழுந்ததால்தான் 1988-இல் தண்டனை கிடைத்தது. குப்பியின்மேல் எழுதியுள்ள பெயருக்குரியவரின் ரத்தமே குப்பிக்குள் இருக்கிறது என்பதும் ஓர் எடுகோள்தான், அது எந்தச் சமன்பாட்டிலும் எழுதப்படுவதில்லை.

ஈப்புழுக் கணிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1247-இல் சீன நீதியதிகாரி சோங் சி பதிவு செய்த வழக்கில், ஊரார் எல்லாருடைய அரிவாள்களையும் தரையில் வைக்கச் சொன்னபோது ஒன்றில் மட்டும் ஈ மொய்த்ததால் கொலைகாரன் பிடிபட்டான். அங்கே சமன்பாடே தேவைப்படவில்லை. இன்றைய முறையில், புழு வளர்வதற்கு வேண்டிய வெப்பத்தை நாள்கணக்கில் கூட்டிக்கொண்டு போகிறார்கள்: வளர்ச்சி தொடங்கும் வெப்பநிலை 10 டிகிரி என்றால், 30 டிகிரியில் ஒரு நாளும் 20 டிகிரியில் இரண்டு நாளும் சமம். ஆனால் ஆயிரக்கணக்கான புழுக்கள் நெருங்கிக் கிடக்கும்போது அவையே வெப்பத்தை உண்டாக்கி, சுற்றுப்புறத்தைவிடப் பத்து டிகிரிக்கு மேலும் சூடேறிவிடும் என்பதால், வானிலை நிலையத்தின் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் கணிப்பு பிசகும். நல்ல துறைதான். ஆனால் பிணவறையில் நின்று அளவெடுக்க உன்னால் முடியுமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். கரப்பான்பூச்சிக்கே நாற்காலிமேல் ஏறியவள் நீ.

மறதி நோயைப் பற்றி உன் நெறியாளர் குறிப்பிட்டிருக்கும் 45 சதவீதம் என்பது 2024-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட மதிப்பீடு. சிறுவயதில் கல்வியின்மை, கேட்புக்குறை, உயர் இரத்த அழுத்தம், தனிமை என்று 14 காரணிகளை அறவே நீக்கிவிட்டால், உலகிலுள்ள மறதி நோயில் ஏறத்தாழ அத்தனை பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் பொருள். இது மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு; ஒரு தனி ஆளின் ஆபத்து 45 சதவீதம் குறையும் என்று இதைப் படிக்கக் கூடாது, ஆனால் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது அளவுகோல். வழக்கமான தேர்வில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், ஒரு வடிவத்தைப் பார்த்து வரையச் சொல்வார்கள். உன் அப்பத்தா பேனாவே பிடித்ததில்லை. ஆனால் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வந்தது என்பதைக் கடைசிவரை தப்பாமல் சொன்னவர். அவரை அந்தத் தேர்வில் உட்காரவைத்திருந்தால் முதல் நாளே நோயாளி ஆக்கியிருப்பார்கள். ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் எழுத்தறிவில்லாத முதியோருக்காக 1990-களில் இத்தேர்வையே மாற்றியமைத்தார்கள், அது பெரிய வேலை. கல்வியின்மை நோயை உண்டாக்குகிறதா, தேர்வில் தோற்க வைக்கிறதா என்பதைப் பிரித்துக் காட்டுவதுதான் அங்கே உண்மையான கணிதச் சிக்கல். அதற்கு முதியோரைப் பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கு உள்ள காலம் அதற்குப் போதாது.

கொசுவுக்கு வருகிறேன். ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டதும் 1902-இல் நோபல் பரிசு பெற்றதும் எல்லோருக்கும் தெரியும். மலேரியாவை ஒழிக்கக் கொசுவை முழுதாக ஒழிக்கத் தேவையில்லை, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே கொண்டுவந்தாலே போதும் என்பதைச் சமன்பாடுகளால் நிறுவ முயன்ற முதல் ஆளும் அவர்தான். பிற்பாடு ஜார்ஜ் மெக்டொனால்டு, எண்ணிக்கையைவிடக் கொசுவின் ஆயுளே முக்கியம் என்று காட்டினார். ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிர்வதற்குப் பத்து நாள் ஆகிறது என்றால், நாளொன்றுக்கு 90 சதவீதம் பிழைக்கும் கொசுக்களில் 100-க்கு 35 அதுவரை உயிரோடிருக்கும். 80 சதவீதமே பிழைத்தால் 11 கூடத் தேறாது. அடுக்கின் வலிமை இதுதான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இடம் வேலூர்; ஆண்டு 1955. நோய் முற்றியவர்களில் முப்பது சதவீதம் வரை இறந்துபோகலாம், பிழைத்த குழந்தைகளிலும் பலருக்குப் பேச்சோ நடையோ அறிவுத்திறனோ திரும்புவதில்லை. இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல்வயலில் பிறக்கிறது. வைரஸ் பெருகுவது பன்றியிடமும் கொக்கு, நாரை இனங்களிடமும். மனித ரத்தத்தில் கொசுவைத் தொற்றவைக்கும் அளவுக்கு வைரஸ் சேர்வதில்லை, ஆகவே மனிதனோடு சங்கிலி அறுந்துவிடுகிறது. இதன் விளைவை யோசித்துப் பார். நீ வகுப்பில் படித்த தொற்றுநோய்ச் சமன்பாட்டில், இத்தனை பேருக்குத் தடுப்பூசி போட்டால் மற்றவர்களும் தப்புவார்கள் என்று வருமே, அது இங்கே எடுபடாது. ஊரில் எல்லாருக்கும் ஊசி போட்டு ஒரு குழந்தையை மட்டும் விட்டுவிட்டாலும், அந்தக் குழந்தைக்குள்ள ஆபத்து குறைவதேயில்லை.

மாடு வந்து கணக்கை மேலும் குழப்புகிறது. இந்தக் கொசு பெரும்பாலும் மாட்டைத்தான் கடிக்கும், மனிதனைக் கடிப்பது அபூர்வம். கொசு எதிர்ப்பட்டதையெல்லாம் பாகுபாடின்றிக் கடிக்கிறது என்று எழுதும் சமன்பாடு தொடக்கத்திலேயே தவறு. மாட்டிடமும் வைரஸ் பெருகாது என்பதால் மாடு கூடினால் கடி திசைதிரும்பி நோய் குறையும் என்று ஒரு கட்சி. மாட்டு ரத்தம் தாராளமாகக் கிடைத்தால் கொசுவே பெருகும் என்று மறு கட்சி. இரண்டில் எது வெல்லும் என்பது அளவைப் பொறுத்தது. உழவுமாடு போய் டிராக்டர் வந்துவிட்ட ஊர்களில் இன்று எது நடக்கிறது என்று தொழுவத்தை எண்ணி, கொசுவைப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மதுரையில் 1980-களில் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் நம் சுற்றுவட்டார வயல்களிலேயே இதில் நிறையச் செய்திருக்கிறார்கள். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டிவைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால், விளைச்சல் குறையாமலே கொசுப்புழு குறைகிறது என்று கண்டார்கள். வேப்பம்பிண்ணாக்குப் பூசிய யூரியாவையும் சோதித்தார்கள். என் மாணவிகளோடு வயலில் இறங்கி நானும் புழு எண்ணியிருக்கிறேன். நீளக் கைப்பிடியுள்ள வெள்ளை முகவையைச் சாய்த்துப் பயிரின் தூரோடு சேர்த்து மொண்டு எடுக்க வேண்டும். நிழல் விழுந்தால் புழுக்கள் அடியில் போய்விடும் என்பதால் வெயிலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். நடவு முடிந்த சில வாரங்களில் புழு திமிறிக்கொண்டு வரும், பயிர் மூடிக்கொண்ட பிறகு அடங்கும். அதே முகவையில் தட்டானின் இளம்பூச்சியும் முதுகால் நீந்தும் பூச்சியும் வரும், இரண்டும் கொசுப்புழுவைத் தின்பவை. மருந்தடித்த வயலில் இந்தப் பகைப்பூச்சிகள் மடிந்து, கொசு முன்னைவிட வேகமாகத் திரும்பிவிடும். இரையையும் இரைதின்னியையும் சேர்த்துக் கொன்றால் சராசரியில் இரைதான் கூடும் என்று மீன்பிடிக் கணக்கை வைத்து இத்தாலியக் கணிதவியலாளர் வோல்ட்டெர்ரா 1926-இல் எழுதினாரே, அதை இங்கே முட்டியளவு சேற்றில் நின்று சரிபார்க்கலாம்.

என் பரிந்துரை எது என்று உனக்குப் புரிந்திருக்கும். ஒப்புக்கொள்வதற்கு முன் நெறியாளரிடம் இரண்டைக் கேள். உன்னை ஒரு பருவம் முழுதும் வயலுக்கு அனுப்ப அவர் ஆயத்தமா என்பது ஒன்று. முன்னால் எடுத்த கணக்கெடுப்புகளைச் சராசரியாக அன்றி, முகவை முகவையாக உள்ள மூலத் தரவாகத் தருவாரா என்பது மற்றொன்று, ஏனென்றால் புழுவே வராத முகவைகளின் பூச்சியங்கள் எல்லாம் சராசரியில் மறைந்துபோகும். இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றாலும், டி.என்.ஏ. சான்றையே எடுத்துக்கொள், அங்கே கணிதமாவது உனக்குத் திருப்தி தரும்.

உன் அப்பா மறதி நோயைத்தான் எடுக்கச் சொல்கிறார். அதில் பணமும் வேலையும் நிறைய வரும் என்பது அவர் கட்சி, அதை அவரே உன்னிடம் தொலைபேசியில் வாதாடட்டும். மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டால், நீ தீபாவளிக்கு வரும்போது நடவு முடிந்திருக்கும். முகவை பரணில்தான் கிடக்கிறது, கைப்பிடியை மட்டும் மாற்ற வேண்டும்.

அன்புடன்,
அம்மா