என் மேக்கில் ஸ்கைரிம் ஓடுகிறது: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி ஸ்கைரிம் விளையாட்டில் ஒயிட்ரன் நகரத்துக் கதவைத் திறந்தேன். லோடிங் திரை வந்தது, போனது, உள்ளே கொல்லன் பட்டறைச் சத்தம் கேட்டது. மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், அந்தக் கதவைத் தொட்டால் பெரும்பாலும் விளையாட்டு மூடிக்கொண்டு டெஸ்க்டாப்பில் வந்து நிற்கும், நேற்று நிற்கவில்லை. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். இந்த மூன்று வாரத்தில் எனக்கு உதவியவர்கள் பலர், அவர்களில் பாதிப் பேருக்கு நான் முறையாக நன்றி சொல்லவே இல்லை. "சரி, செய்து பார்க்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த கோளாறைத் தூக்கிக்கொண்டு வேறொருவரிடம் போயிருக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஸ்கைரிம் 2011 நவம்பர் 11இல் வெளியான ரோல் பிளேயிங் கேம். அதன் 64 பிட் வடிவமான ஸ்பெஷல் எடிஷன் 2016இல் வந்தது. இரண்டுமே மேக்குக்கு என்று வந்ததில்லை. இன்டெல் மேக் வைத்திருந்தவர்கள் பூட் கேம்ப் மூலம் விண்டோஸ் போட்டு ஆடினார்கள், ஆப்பிளின் எம் வரிசை சிப்புகளில் பூட் கேம்ப் கிடையாது. என்னிடம் இருப்பது 8 ஜிபி நினைவகம் கொண்ட எம்3 மேக்புக் ப்ரோ. (அந்த 8 ஜிபியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை அங்கேதான் போய் முடிகிறது.) இந்த விளையாட்டுக்காக முழு விண்டோஸையும் நிறுவ எனக்கு மனம் வரவில்லை, அதனால் வைன் என்ற மென்பொருளின் வழியைப் பிடித்தேன்.

அதனால் முதல் நன்றி வைனை எழுதியவர்களுக்கு. 1993இல் தொடங்கிய வேலை அது, 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார் தலைமையில் நடக்கிறது, 1.0 என்று ஒரு பதிப்பை வெளியிட 2008 வரை உழைத்திருக்கிறார்கள். விண்டோஸிடம் ஒரு நிரல் என்னென்ன கேட்குமோ அத்தனைக்கும் விண்டோஸ் இல்லாமலே பதில் சொல்லும் நிரல்தொகுப்பை, ஒவ்வொரு ஃபங்ஷனாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்புறம் டிஎக்ஸ்விகே. தனக்குப் பிடித்த ஒரு விளையாட்டை லினக்ஸில் ஆட வேண்டும் என்று பிலிப் ரெபோலே தொடங்கியது அது. விண்டோஸ் விளையாட்டுகள் படம் வரையக் கொடுக்கும் டைரக்ட்3டி கட்டளைகளை வல்கன் என்ற பொது முறைக்கு மாற்றுகிறது, வல்கனை மேக்கின் சொந்த முறையான மெட்டலுக்கு மோல்ட்டன்விகே மாற்றுகிறது, இன்டெல் வகை ப்ராசசருக்கான நிரலை எம் சிப்புக்கு ரொசெட்டா 2 மாற்றுகிறது. ஒரு டிராகன் திரையில் சிறகை ஒருமுறை அசைப்பதற்குள் இத்தனை கை மாறுகிறது. இதில் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார்கள், நான் ஒரு மாலையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக என்னிடம் கேள்வி கேட்டவர்களுக்கு. உதவி கேட்டால் "இதைப் போடு, அதை அழி" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நீங்கள் அப்படிப் போகவில்லை. திருப்பிக் கேட்டீர்கள், ஒவ்வொரு கேள்வியிலும் கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது.

முதல் கேள்வி மிகவும் சின்னது. விளையாட்டின் தொடக்கத்தில் கைதியாக வண்டியில் போவோமே, அந்த வண்டி துள்ளிக் குதித்துக் கவிழ்ந்துகொண்டே இருந்தது. வைன் சரியில்லை என்று நினைத்து இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். ஒருவர் கேட்டது இதுதான்: "உங்க டிஸ்ப்ளே எத்தனை ஹெர்ட்ஸ்?" 120. ஸ்கைரிமின் இயற்பியல் கணக்கு ஃப்ரேம் வேகத்தோடு, அதாவது திரையில் நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதோடு பிணைக்கப்பட்டது, நொடிக்கு 60ஐத் தாண்டினால் பொருள்கள் பறக்கத் தொடங்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் திரையை 60க்கு இறக்கினேன், வண்டி சாதுவாக ஊர் போய்ச் சேர்ந்தது. அவருக்கு அது ஒரு நிமிட வேலையாக இருந்திருக்கும், எனக்கு இரண்டு நாள் மிச்சம்.

இரண்டாவது கேள்வியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். மோட்களை (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்து தரும் இணைப்புகளை) கையாலேயே போட்டுக்கொண்டிருந்தேன், அதாவது ஜிப்பைப் பிரித்து அதற்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை விளையாட்டின் டேட்டா ஃபோல்டர் இருக்கும் இடத்தில் போடுவது. போட்டேன், விளையாட்டு முதல் திரைக்கே வரவில்லை. ஓர் அக்கா கேட்டார்: "ஃபைண்டர்ல இழுத்துப் போட்டீங்களா? ரிப்ளேஸ்னு கேட்டுச்சா?" ஆமாம், கேட்டது, சரி என்றேன். விண்டோஸில் ஒரே பெயருள்ள ஃபோல்டரை ஃபோல்டர் மேல் போட்டால் இரண்டும் கலந்துவிடும். மேக்கில் ரிப்ளேஸ் என்றால் பழைய ஃபோல்டர் மொத்தமாகப் போய் அந்த இடத்தில் புதியது வந்து உட்காரும். விளையாட்டின் மூல ஃபைல்கள் அத்தனையும் போய், டேட்டா ஃபோல்டரில் ஒரே ஒரு மோட் மட்டும் தனியாகக் கிடந்தது. விளையாட்டு விற்கும் தளமான ஸ்டீமில் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியைக் காட்டி, போனதை மறுபடி இறக்க வைத்தார். அதோடு விடாமல், ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் மெர்ஜ் என்று ஒரு பொத்தான் வரும் என்றும், டெர்மினலில் டிட்டோ என்ற கட்டளை இரண்டு ஃபோல்டரையும் ஒழுங்காகக் கலக்கும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து நான் டிட்டோதான். அக்கா, மோட் போடுவதற்கு முன் டேட்டா ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்து வைக்கச் சொன்னீர்களே, அது மட்டும் இதுவரை மூன்று முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

பல மோட்களுக்கு அடிப்படையாகத் தேவைப்படும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம், மோட் போடும் எல்லோரும் பட்டதுதான். அது விளையாட்டு நிரலின் குறிப்பிட்ட ஒரு பதிப்புக்குள் குறிப்பிட்ட இடங்களைத் தேடிப் பிடித்து வேலை செய்வது, பதிப்பு மாறினால் அந்த இடங்களும் மாறிவிடும். நான் 1.5.97க்கான எக்ஸ்டெண்டரை இறக்கியிருந்தேன், என் விளையாட்டோ 1.6.1170. எக்ஸ்டெண்டரைத் தொடங்கிவைக்கும் லோடர் காட்டிய பெட்டியிலேயே அந்த எண் எழுதியிருந்தது, "அதை வாசிச்சீங்களா?" என்று ஒருவர் பொறுமையாகக் கேட்ட பிறகுதான் வாசித்தேன். அதே நண்பர்தான் லோடரின் பெயரை விளையாட்டின் லாஞ்சர் பெயராக மாற்றி வைத்தால் ஸ்டீமே அதை ஓட்டிவிடும் என்று சொன்னார். ப்ளகின்களை (விளையாட்டு ஏற்றிக்கொள்ளும் மோட் ஃபைல்களை) பட்டியலிடும் ஃபைலில் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால்தான் அந்த ப்ளகின் இயங்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். விளையாட்டின் பிழைகளைத் திருத்தும் எஞ்ஜின் ஃபிக்ஸஸ் மோடின் டி3டிஎக்ஸ்9_42 என்ற டிஎல்எல் ஃபைலை வைன் கண்டுகொள்ளாமல் தன்னுடையதையே எடுத்துக்கொண்டபோது, வைன் அமைப்புகளில் லைப்ரரிஸ் பகுதிக்குப் போய் அதை நேட்டிவ் (வைனுடையதை விட்டு மோடுடையதை எடு) என்று மாற்றச் சொன்னவரும் அவரே. மெனுக்களை மாற்றும் ஸ்கையூஐ மோடின் எழுத்துகள் திரையில் வந்த அந்த நிமிடம் நான் கைதட்டினேன், உண்மையாகவே தட்டினேன்.

இனி ஒயிட்ரன் கதவு.

வெளியே மணிக்கணக்கில் சுற்றலாம், ஒன்றும் ஆகாது. கதவைத் திறந்தால் மூன்றில் இரண்டு முறை கிராஷ். கிராஷ் லாக்கை, அதாவது விளையாட்டு விழுந்த நேரத்தின் பதிவை, பலருக்கு அனுப்பினேன். ஒரு லாக்கில் ஒரு மரத்தின் மெஷ் (வடிவ ஃபைல்), அடுத்ததில் ஒரு கேடயம், அதற்கடுத்ததில் ஒரு காவலாளி. ஒவ்வொரு மோடாக எடுத்துப் பார்த்தேன், எதை எடுத்தாலும் கொஞ்சம் தேவலை என்றே தோன்றும், எதுவும் முழுமையாகத் தீர்க்காது. அப்போது ஓர் அண்ணன் என் லாக்குகளை வரிசையாகப் படித்துவிட்டு எழுதினார்: ஒரு ஃபைல் கெட்டிருந்தால் லாக் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும், உன்னுடையது தினம் ஒரு பெயர் சொல்கிறது, லாக்கை மூடி வை, மேக்கின் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திற, கதவைத் திறக்கும் நேரத்தில் மெமரி பிரஷர் என்ன நிறத்தில் இருக்கிறது?

சிவப்பு. நினைவகம் போதவில்லை என்று அர்த்தம்.

எம் சிப்புகளில் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, எல்லாம் அந்த ஒரே 8 ஜிபிதான். நான் போட்டிருந்ததோ சுவர், தெரு, கவசம், துணி எல்லாமே 4கே டெக்ஸ்சர், அதாவது பொருள்களின் மேல் ஒட்டும் மிகப் பெரிய அளவுப் படங்கள். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பிசி7 முறையில் சுருக்கிய ஒரு 4கே டெக்ஸ்சர், மிப்மேப்போடு (அதன் சிறிய நகல்களோடு) சேர்த்து ஏறக்குறைய 21 எம்பி, அதுவே 2கே என்றால் 5 எம்பி சொச்சம். வெளியில் காடும் மலையும், அங்கே ஒரே பாறை டெக்ஸ்சர் நூறு இடத்தில் வரும். ஊருக்குள் நுழைந்த நொடியில் வீடு, சந்தை, ஆட்கள், அவர்கள் உடுத்தியிருப்பது என்று புதிது புதிதாக ஏற்ற வேண்டியிருக்கிறது. கவசத்தையும் கட்டடங்களையும் 2கேக்கு மாற்றினேன், தட்டு முட்டுச் சாமான்களை 1கேக்கு. என் திரையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை. பத்து முறை கதவைத் திறந்து மூடினேன், பத்து முறையும் உள்ளே போனேன்.

அண்ணா, நீங்கள் ஆறு லாக் படித்தீர்கள், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான வரி. அதில் விடை இல்லை என்று கண்டுபிடிப்பதற்காகவே அத்தனையையும் படித்தீர்கள். அந்த உழைப்பு எனக்குப் புரிகிறது.

ஒரே மோடை 4கே, 2கே, 1கே என்று மூன்று அளவிலும் தயாரித்து வைக்கும் மோட் ஆசிரியர்களுக்கும் இந்த இடத்தில் நன்றி. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் செய்தால் போதும் என்று நீங்கள் நினைத்திருந்தால் என் மாதிரி ஆட்கள் வெளியேதான் நின்றிருப்போம். ஆட்டத்தின் நடுவே ஸ்கிரிப்ட் உள்ள மோடை நீக்கினால் அந்த சேவ் (சேமித்த ஆட்டம்) கெட்டுப்போகும் என்று எச்சரித்து, புதிதாகத் தொடங்கச் சொன்ன தம்பிக்கும் நன்றி. நீ சொன்னபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சரியாகத்தான் சொன்னாய்.

நான் போட்ட மோட்கள், அவற்றின் வரிசை, வைன் அமைப்பில் மாற்றியவை எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். மேக்கில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் யாராக இருந்தாலும் கேளுங்கள். கேட்கும்போது என்ன சிப், எத்தனை ஜிபி, மேக்ஓஎஸ் பதிப்பு என்ன, விளையாட்டின் பதிப்பு எண் என்ன, மோட் ஏதும் இல்லாமல் ஓடுகிறதா, இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மீதியை நான் கேட்கிறேன்.

என் சேவ் இப்போது ஒயிட்ரன் அரண்மனை வாசலில் இருக்கிறது. டிராகன் செய்தியை நகரத் தலைவரான யார்லிடம் சொல்ல வேண்டும், அப்புறம் மலை மேல் ஏழாயிரம் படி ஏற வேண்டும்.

அன்புடனும் நன்றியுடனும்.