கட்டணம் நின்றால் எது வேலை செய்யும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வெளிநாட்டில் வீடு வாங்கும் நம் பிள்ளைகள் ஊரிலுள்ளவர்களிடம் யோசனை கேட்கும் விடயங்களில், வீட்டைச் சூடாக்கும் அமைப்பைக் கைத்தொலைபேசியால் இயக்கும் கருவியும் இப்போது சேர்ந்துவிட்டது. இடம்பெயர்ந்து திரிந்த ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தாலும் 25 ஆண்டுகளுக்குக் குறையாமல் கிளிநொச்சிப் பகுதியில் வயரிங் வேலை செய்துவரும் எனக்கு, பங்குனி வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருந்துகொண்டு இங்கிலாந்துக் குளிரைப் பற்றி யோசிப்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. இருந்தும், அந்தக் கருவிக்கு எதற்காக மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்று அங்கிருந்து மகள் கேட்ட கேள்வி நம்மூர்த் தோட்டக்காரருக்கும் பொருந்துவதால் இதை எழுதுகிறேன்.

மகள் குடிபோன வீட்டில் எரிவாயு பொயிலரும் அறைக்கு அறை வெந்நீர் ரேடியேற்றர்களும் ஏற்கெனவே இருந்தன. சுவரில் இருந்த, அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்ரற்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதன் மூடியைக் கழற்றிக் காட்டும்படி காணொளி அழைப்பில் சொன்னேன். அங்கே பல வீடுகளில் அந்த வயரிலும் 230 வோல்ற்று ஓடும் என்பதால், நிறுத்திய பிறகும் சோதித்துப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது என்றும் சொன்னேன். உள்ளே எனக்குத் தெரிந்த பழைய சங்கதிதான் இருந்தது: இரண்டு வயர்கள் ஓர் ஆளியில் வந்து முடிந்தன. அறை குளிர்ந்தால் ஆளி மூடிக்கொள்ளும், பொயிலர் எரியும்; சூடு போதுமென்றால் ஆளி திறக்கும், பொயிலர் அணையும். ஓப்பன்தேர்ம் என்ற முறை உள்ள பொயிலர்களில் இரண்டே வயர் வழியாக எவ்வளவு சூடு வேண்டும் என்ற செய்தியும் போகும். எரிவாயுவைச் சேமிக்க அது நல்ல வழி. எப்படியானாலும் இந்த வேலையை வீட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம். இதற்கு எதற்காக மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் மகளின் கேள்வி.

அங்கே கட்டணம் வாங்குவோர் பெரும்பாலும் ஆளியை இயக்குவதற்குக் கேட்பதில்லை, அதைச் சுற்றியுள்ள வசதிகளுக்கே கேட்கிறார்கள். எடுத்துக்காட்டாக டாடோ நிறுவனத்தின் கருவி, வீட்டில் எல்லோரும் வெளியேறியதையும் யன்னல் திறந்திருப்பதையும் கண்டறிந்து தானே சூட்டைக் குறைப்பதற்குச் சந்தா கேட்கிறது. சந்தா இல்லாதவருக்கு அறிவித்தல் மட்டும் வரும், அவர் தன் விரலால் பொத்தானை அழுத்திக்கொள்ள வேண்டும். மாதம் 3 பவுண் என்று வைத்துக்கொண்டாலும் பத்து ஆண்டில் 360 பவுண் ஆகிவிடும். கருவியின் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குபவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

ஆனால் ‘சந்தா இல்லை’ என்ற சொல்லைக் கண்டவுடனே நம்பி வாங்குவதும் சரியல்ல. கூகுள் நிறுவனத்தின் நெஸ்ட் தெர்மோஸ்ரற்றுக்குச் சந்தா இருக்கவில்லை. இருந்தும் 2011, 2012ஆம் ஆண்டுகளில் வந்த முதல் இரண்டு தலைமுறைக் கருவிகளுக்கும், 2014இல் ஐரோப்பாவுக்கு வந்த கருவிக்கும் 2025 ஒக்டோபர் 25ஆம் திகதியோடு ஆதரவு நிறுத்தப்பட்டது. சுவரில் இருக்கும் கருவியைக் கையால் திருகி இன்னமும் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். கைத்தொலைபேசியிலிருந்து இயக்க முடியாது. எந்த வசதிக்காக அந்தக் கருவியை வாங்கினார்களோ அதுவே போய்விட்டது. நெஸ்ட் நிறுவனம் வாங்கிக்கொண்ட, வீட்டுக் கருவிகளைக் கைத்தொலைபேசியால் இயக்கும் ரிவோல்வ் என்ற பெட்டியின் கதை இதைவிடப் பரிதாபம்: 2016 மே மாதத்தில் நிறுவனத்தின் சேவையகம் மூடப்பட்டதும், பழுது எதுவும் இல்லாத அந்தப் பெட்டி ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று.

ஆகவே மகளிடம் நான் கேட்கச் சொன்னது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு எந்த அறையில் எவ்வளவு சூடு என்ற அட்டவணை எங்கே இருக்கிறது, வீட்டுக்குள் இருக்கும் பெட்டியிலா, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சேவையகத்திலா? வைசர், எவோஹோம் போன்ற சூடாக்கல் கருவிகளில் அது வீட்டிலுள்ள மையக் கருவியிலேயே இருப்பதால், இணையம் போனாலும் பொயிலரும் ரேடியேற்றர் வால்வுகளும் தம் நேரத்துக்கு இயங்கும், சந்தாவும் இல்லை. இணையத்தில் ஓரளவு கைதேர்ந்தவர்கள் ஹோம் அசிஸ்ரன்ற் என்ற இலவசத் திறந்த மூல மென்பொருளை ஒரு சிறு கணினியில் ஏற்றித் தாமே எல்லாவற்றையும் ஆளுகிறார்கள். ஆனால் அதைப் பராமரிக்க வீட்டில் ஒருவர் வேண்டும், அவர் வேலை மாறி வேறு நகரம் போனால் மற்றவர்கள் குளிரில் நடுங்க வேண்டியதுதான். மகள் மையக் கருவியுள்ள வகையையே எடுத்தாள். பொருத்திய அன்று ரவுட்டரின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு விடியும்வரை பார்க்கச் சொன்னேன். காலை ஆறு மணிக்கு ரேடியேற்றர் தானாகச் சூடாகியது என்று செய்தி அனுப்பினாள்.

இந்தப் பாடத்தை நான் படித்தது இங்கிலாந்தில் அல்ல, அக்கராயன் பக்கத்தில் ஒரு மிளகாய்த் தோட்டத்தில். தோட்டக்காரர் கைத்தொலைபேசியால் நீர்ப்பம்பியைப் போடும் பெட்டி ஒன்றை வாங்கிவந்து தர, நானே கிணற்றடியில் பொருத்திக் கொடுத்தேன். முதல் வருடம் எல்லாம் நன்றாக நடந்தது. இரண்டாம் வருடத்தில் ஒருநாள், செயலியைத் திறந்தால் பணம் கட்டும்படி ஒரு பக்கம் வந்து நின்றது; கட்டுவதற்கு வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உதவும் வங்கி அட்டை வேண்டும், அவரிடம் அது இல்லை. கன்றுகள் வெயிலில் வாடி நிற்க, பம்பியிலிருந்து நாலு அடி தூரத்தில் கையில் தொலைபேசியுடன் அவர் நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெட்டியில் கையால் போடும் ஆளி இல்லை. நான் போய் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய ஸ்ராட்டரை மீண்டும் பூட்டிய பிறகுதான் தண்ணீர் பாய்ந்தது. பொருத்தும்போது அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்க்காத தவறு எனக்கும் உண்டு. இப்போது கையால் போடும் ஆளியும், பெட்டிக்குள்ளேயே நேரம் வைக்கும் வசதியும் இல்லாத எதையும் நான் பொருத்துவதில்லை.

பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29ஆம் திகதி முதல், இணையத்தோடு இணையும் வீட்டுப் பொருளுக்குக் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. செயலி எத்தனை வருடம் ஓடும் என்ற உறுதியை அது தராது என்றாலும், வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு திகதியாவது கையில் இருக்கும். இங்கே விற்கும் பம்பிப் பெட்டிகள், கண்காணிப்புக் கமராக்கள், சூரிய மின்கல இன்வேர்ட்டர்கள் ஆகியவற்றின் பொதிகளில் அத்தகைய வரி எதையும் நான் கண்டதில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இதைக் கவனத்தில் எடுத்து, எந்த வசதிக்குக் கட்டணம் உண்டு, அது எப்போது தொடங்கும், கட்டணமோ இணையமோ நின்றால் எது வேலை செய்யும் என்ற மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் பொதியில் அச்சிட வைக்க வேண்டும். அதுவரை, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இவற்றை விற்கும் கடைக்காரர்கள் அந்த மூன்று விடயங்களையும் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் கையால் எழுதிக் கொடுத்தாலே எங்களைப் போன்ற வயரிங்காரருக்குப் போதும்.

இப்படிக்கு,
மின்னிணைப்பாளர் ஒருவர்,
கிளிநொச்சி.