கீழடி ஓட்டுல நானோ இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம பசங்கள கூட்டிட்டு கீழடி மியூசியம் போயிருந்தேன், அங்க கருப்பு சிவப்பு பானை ஓட்ட பாத்ததும் பெரியவன்கிட்ட சொன்னேன், இந்த மாதிரி ஓட்டோட கருப்பு பூச்சுலதான் கார்பன் நானோ குழாய், அதாவது கண்ணுக்கே தெரியாத நுண்ணிய கரிக் குழாய் இருக்குனு 2020ல ஆராய்ச்சி கட்டுரை வந்துச்சுடானு. ரெண்டாயிரத்து ஐநூறு வருசமா அந்த பூச்சு உதிராம நிக்குது சார்! பக்கத்துல நின்ன காலேஜ் புள்ளைங்களுக்கே இது தெரியல, மனசு கேக்காமதான் எழுதுறேன்.

மருந்துலயும் இப்படி கண்ணுக்கு தெரியாத நுண்ணிய வடிவந்தான் வேலை செய்யுது. எய்ட்ஸ் வர வைக்கிற எச்ஐவி வைரஸ் பெருகணும்னா புரோட்டீன துண்டு துண்டா வெட்டுற ஒரு நொதி (என்சைம்) வேணும், அந்த நொதியும் ஒரு புரோட்டீன்தான், அது எப்படி மடிஞ்சிருக்குனு 1989ல எக்ஸ்ரே வச்சு பாத்தாங்க, அதுல இருக்க பள்ளத்துல கச்சிதமா போய் உக்காந்து அடைக்கிற மருந்து 1995லயே வந்துருச்சு, கொரோனாவுக்கு வந்த பாக்ஸ்லோவிட் மாத்திரையும் இதே மாதிரி ஒரு நொதியத்தான் அடைக்குது. புரோட்டீன் எப்படியெல்லாம் மடங்க முடியும்னு 1963லயே கணக்கு போட்டு வரைபடமா காட்டுனவரு நம்ம சென்னை பல்கலைக்கழகத்துல இருந்த ஜி.என்.ராமச்சந்திரன், இன்னிக்கும் உலகம் பூரா புரோட்டீன் வடிவம் சரியானு அந்த வரைபடத்த வச்சுத்தான் சரிபாக்குறாங்க.

வாரம் உங்க பத்திரிகைல அரைப்பக்கமாவது இந்த மாதிரி அறிவியலுக்கு ஒதுக்குங்க சார், பத்தாவது படிக்கிற புள்ளைக்கு புரியுற தமிழ்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அனுப்பானடி, மதுரை.