பல் கறைக்குப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளரிளம் பிள்ளைகளின் பல் நலம் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். காலையும் இரவும் துலக்க வேண்டும், இனிப்பைக் குறைக்க வேண்டும், ஆண்டுக்கொரு முறையாவது மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் தருமபுரி மாவட்டத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தும் எனக்கு, அதை அப்படியே வகுப்பில் வாசித்துக்காட்ட மனம் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் பலரின் முன்பற்களில் உள்ள பழுப்புக் கறை, துலக்காததால் வந்ததல்ல. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பால் வந்தது.

ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் பகுதிப் பாறைகளுக்கு அடியிலிருந்து வரும் தண்ணீர் பல ஊர்களில் அந்த அளவைத் தாண்டுகிறது. பிறந்தது முதல் ஏறத்தாழ எட்டு வயது வரை, நிலைப்பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே இந்த நீர் பல்லின் மேலுறையான எனாமலைக் கெடுத்துவிடுகிறது. பல் வெளியே வரும்போதே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடுகள் இருக்கும். பிறகு அவை மஞ்சளாகி, பழுப்பாகின்றன. பதினான்கு வயதுப் பிள்ளை எந்தப் பற்பசையால் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

இது தெரியாமல் பள்ளிகளில் நடத்தப்படும் பல் பரிசோதனை முகாம்கள் பிள்ளைகளைக் காயப்படுத்துகின்றன. அப்படியொரு முகாமில், வரிசையில் நின்ற மாணவியிடம் முகாம் நடத்த வந்தவர் எல்லோர் முன்னிலையிலும், "ஏம்மா, பல்லே விளக்க மாட்டியா?" என்று கேட்டதை நானே கேட்டேன். வீட்டுக்குப் போனதும் அந்தப் பிள்ளை செங்கல் பொடியால் தேய்த்திருக்கிறாள். சாம்பல், உப்பு, எலுமிச்சைச் சாறு, கைப்பேசியில் பார்த்து வாங்கும் 'வெண்மைப் பொடி' என்று இங்கே பலரும் இதைத்தான் செய்கிறார்கள். எனாமல் ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வளராது. கறை அப்படியே இருக்க, பல் கூச்சம் புதிதாகச் சேர்ந்துகொள்கிறது. இன்னும் சிலர், எவ்வளவு விளக்கினாலும் இப்படித்தானே இருக்கிறது என்று துலக்குவதையே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொத்தையும் ஈறு வீக்கமும் வருவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

பையன்களுக்கு வேறொரு தொல்லை. பழுப்புப் பல்லைப் பார்த்ததும் ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலைப் பொட்டலம் போடுகிறான் என்று சந்தேகப்படுகிறோம். உண்மையிலேயே போடுகிறவனோ, 'எங்க ஊர் தண்ணி சார்' என்று சொல்லித் தப்பித்துவிடுகிறான். இரண்டையும் பிரித்தறிய ஆசிரியர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். தண்ணீரால் வரும் கறை இரு பக்கமும் ஒத்த பற்களில் ஒரே மாதிரி இருக்கும். புகையிலைக் கறை ஈறோரத்திலும் பல்லின் உட்புறத்திலும் படியும். பொட்டலத்தை அடக்கி வைக்கும் இடத்தில் உதட்டின் உட்சதை வெளுத்துச் சுருங்கியிருக்கும். அப்படி இருந்தால் அடிக்காமல், திட்டாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

ஆகவே இங்கே பல் நலப் பாடம், 'இந்தக் கறை உன் தவறல்ல' என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதைச் சொன்ன பிறகு பிள்ளைகள் மற்றவற்றைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள்; இதை என் வகுப்பில் பார்க்கிறேன். துலக்கினால் போவது அன்றாடம் படியும் மாவு போன்ற படிவு. அது இறுகிக் காரையானால் பிரஷ்ஷால் முடியாது, மருத்துவர்தான் எடுக்க வேண்டும். 'கிளீன் பண்ணினா பல் ஆடும்' என்று வீட்டில் சொல்வதை நம்ப வேண்டாம். ஆட வைப்பது காரைதான். எனாமலுக்குள் இருக்கும் பழுப்பையும் மேல்பூச்சு முதலான சிகிச்சைகளால் மறைக்க முடியும். அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் விசாரிக்கலாம் என்பதே எங்கள் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

இன்னொன்றும் அவர்களிடம் சொல்கிறேன். உங்கள் பல் உருவாகி முடிந்துவிட்டது. வீட்டில் இருக்கும் தம்பி தங்கையின் பல் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் குடிக்கவும், அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சவும் போர் தண்ணீர் வேண்டாம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பற்பசை பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். விழுங்காமல் துப்புகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தக் கேட்டைத் தீர்க்கவே ஜப்பான் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. பெரிய வரம் அது. ஆனால் காவிரி நீர் வராத நாளில் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று வீட்டாருக்குத் தெரிவதில்லை. ஃபுளோரைடைக் கண்டறியும் களச் சோதனைப் பெட்டியை ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் கொடுத்தால், எங்கள் மாணவர்களே தங்கள் தெருக் குழாய் நீரைச் சோதித்துவிடுவார்கள். மருந்து விட்டதும், ஃபுளோரைடு மிகுந்த நீரில் இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறுவதை ஒருமுறை பார்த்த பிள்ளை அதை வீட்டில் போய்ச் சொல்லாமல் இருக்காது.

சுகாதாரத் துறையினர் பள்ளி முகாம்களில் பற்களைத் தனி அறையில் பார்க்க வேண்டும். தங்கள் நாளிதழும் ஓர் உதவி செய்ய வேண்டுகிறேன். எங்கள் மாவட்டப் பக்கத்தில், ஊராட்சி வாரியாகக் குடிநீரின் ஃபுளோரைடு அளவைக் குடிநீர் வடிகால் வாரியத்திடம் கேட்டு வாங்கி, மாதந்தோறும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.